பீளமேட்டில் செய்த மதம்

“மாமா, எனக்கு ஒரு மதம் வேணும்” என்றாள் வர்ஷினி, ஸ்கூட்டரை வாசலில் நிறுத்தி, ஹெல்மெட்டைக் கூடக் கழற்றாமல். நான் அப்போது கேட் உருளும் தண்டவாளத்தில் அடைந்திருந்த மண்ணை ஸ்க்ரூடிரைவரால் நோண்டிக்கொண்டிருந்தேன். ஓய்வு பெற்றவனுக்கு அது ஒரு முழு நாள் வேலை. பதனமாகச் செய்தால் இரண்டு நாளுக்குக் கூட இழுக்கலாம். வேலையில் இருந்த காலமெல்லாம் நான் பம்ப்செட் விற்றவன். வால்பாறை மலை முகட்டிலிருந்து தாராபுரத்து மானாவாரிக் காடு வரைக்கும் நான் பேசி இறக்காத மோட்டார் கிடையாது. வறண்ட கிணற்றுக்கு மோட்டார் விற்று, அந்த மோட்டாருக்குப் பயந்தே தண்ணீர் மேலே வந்த கதையெல்லாம் உண்டு. யாராவது ஒன்று வேண்டும் என்று முன்னால் வந்து நின்றால் என் வாய் தன்னால் ஒரு கேள்வி கேட்கும். அதைத்தான் அவளிடமும் கேட்டேன். “எத்தனை ஹெச்.பி., கண்ணு?”

அவள் சிரிக்கவில்லை. “பொம்பளைங்க மதம் மாமா. சாமி, பூசாரி, சடங்கு சாங்கியம் எல்லாம் வேணும். வெள்ளிக்கிழமை போடோணும்.”

வர்ஷினி என் தங்கை ராசாத்தாளின் ஒரே மகள். பீளமேட்டில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே கம்ப்யூட்டர் கம்பெனி வேலை. அதனால் வாரமெல்லாம் எங்கள் மாடி அறையில் இருப்பாள். அந்த வேலை போக மிச்ச நேரத்தில் படக்கதை வரைந்து வெள்ளிக்கிழமைதோறும் இணையத்தில் போடுகிறாள். அந்தக் கதையில் உலகம் கொஞ்சம் வேறு பக்கமாகத் திரும்பிவிட்டது. கடல் கடந்து வந்த வெள்ளைக்காரக் கப்பல்களைக் கரையிலேயே பெண்கள் மறித்து, மிளகுக்கு விலை பேசிப் பேசியே மாலுமிகளைச் சித்தங்கலங்க வைத்துத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஆகவே எவனும் வந்து ஆளவில்லை. கோயமுத்தூர் ஒரு பெண்கள் சபையின் தலைநகரம். பருத்தித் துணியில் செய்த வானக் கப்பல்கள் பாலக்காட்டுக் கணவாய்க் காற்றில் மிதந்து வந்து காந்திபுரத்தில் இறங்கும். கண்டக்டரம்மாக்கள் கயிற்றில் தொங்கிக்கொண்டு மேகத்துக்குள்ளிருந்து “உக்கடம், சுங்கம், சிங்காநல்லூர்” என்று கூவுவார்கள். இந்தக் கதையை மூன்று லட்சம் பேர் படிக்கிறார்கள். வர்ஷினியைக் கேட்டால் மூவாயிரம் என்பாள். அவளுக்குத் தன்னடக்கம் அதிகம், அது எங்கள் குடும்பத்திலிருந்து வந்ததல்ல. அந்த மூன்று லட்சத்தில் ஒருத்தி கேட்டிருக்கிறாள், இந்தப் பெண்கள் எந்தச் சாமியைக் கும்பிடுகிறார்கள் என்று. வர்ஷினி வானக் கப்பலின் ஆணி வரைக்கும் யோசித்து வைத்திருந்தாள். சாமியை மறந்துவிட்டாள்.

அன்று சாயங்காலமே வேலையை ஆரம்பித்துவிட்டோம். வழக்கம்போல் டீ குடிக்க வந்த என் சிநேகிதன் நாகூர் மீரானையும் பிடித்து உட்கார வைத்தேன். மீரான் ஒப்பணக்கார வீதிக்குப் பின்னால் தையல் கடை வைத்திருந்தவர். இப்போது கடையை மகன் ரிஃபத் பார்த்துக்கொள்கிறான். தனக்கு ஏற்கெனவே ஒரு மதம் இருக்கிறது, அதுவே போதும், கதைக்கு என்றால் மட்டும் கூட இருக்கிறேன் என்று முதலிலேயே சொல்லிவிட்டுத்தான் அவர் நாற்காலியில் சாய்ந்தார். நான் பதினாறு கை வைத்த ஒரு தாயை இறக்கினேன். ஒரு கையில் நீர், ஒரு கையில் நெருப்பு, ஒரு கையில் கரும்பு, ஒரு கையில் மூன்று ஃபேஸ் மின்சாரம். அவள் கண்ணைத் திறந்தால் சிறுவாணி, மூடினால் அமாவாசை. மீரான் விரலை மடக்கி ஏதோ கணக்குப் போட்டார். “பதினாறு கைக்கு ஜாக்கெட் தைக்கிறவன் எவனுங்க? அந்த மதத்துல மொத சொர்க்கம் டெய்லருக்குத்தான் குடுக்கோணும்.” அதையும் எழுதிக்கொள்ளச் சொன்னேன்.

ஆண்களுக்கான விதிகளை என் வீட்டுக்காரி வசந்தாமணி அவரைக்காய் கிள்ளிக்கொண்டே சொன்னாள். சொன்ன வேகத்தைப் பார்த்தால் கல்யாணமான நாளிலிருந்து யோசித்து வைத்திருந்த மாதிரி இருந்தது. ஆண்பிள்ளைதான் கல்யாணமாகி மாமியார் வீட்டுக்குப் போக வேண்டும். போகும்போது அவன் அழ வேண்டும். அழாதவனை ஊர் ஒரு மாதிரி பார்க்கும். சாமி காரியத்தில் ஆண்கள் கருத்துச் சொல்லலாம், ஆனால் பாத்திரம் கழுவிக்கொண்டேதான் சொல்ல வேண்டும். முகத்தில் மயிர் முளைத்த நாட்களில் கோயிலுக்குள் வரக் கூடாது. மீரான் தன் தாடியைத் தடவிக்கொண்டு, “அப்ப நானு ஆயுசுக்கும் செருப்புப் பாத்துக்க வேண்டியதுதான்” என்றார். வர்ஷினி சிரித்துச் சிரித்து, வரைந்துகொண்டிருந்த பலகையிலிருந்து பேனா வழுக்கி, தாய்க்குப் பதினேழாவதாக ஒரு கை முளைத்தது. அப்படியே இருக்கட்டும் என்றேன். கூடுதலாக ஒரு கை இருந்தால் எந்தச் சாமிக்கும் நஷ்டமில்லை.

ஞாயிற்றுக்கிழமை கருமத்தம்பட்டியிலிருந்து ராசாத்தாள் வந்தாள். வாரமெல்லாம் அவளை அங்கிருந்து கிளப்ப முடியாது. இருபத்து நாலு விசைத்தறி ஓடும் குடோனுக்கு அவள்தான் முதலாளி. வர்ஷினி பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த வருஷம் மச்சான் லாரி விபத்தில் போய்ச் சேர்ந்தார். அன்றைக்கு இருந்தது நாலே தறிகள். பாக்கியை இவள் நின்று சேர்த்தாள். அவள் குடோனுக்குள் நுழைந்தால் தறிகளே சத்தத்தைக் குறைத்துக்கொள்ளும் என்று நான் சொல்வதுண்டு. அதில் பாதிக்கு மேல் உண்மை. நூல் வியாபாரி, பாங்க் மேனேஜர், ஈ.பி. ஆபீஸ்காரர்கள் யாரும் அவளிடம் எதிர்த்துப் பேசி நான் பார்த்ததில்லை. ஆனால் இதே ராசாத்தாள் ஏதாவது கல்யாண வீட்டுக்குப் போனால், மண்டபத்துப் பின்கதவு வழியாக நுழைந்து காய்கறி அறைக்குள் போய் உட்கார்ந்துகொள்வாள். முகூர்த்தம் முடிந்து சாப்பாட்டுச் சத்தம் கேட்டால்தான் வெளியே வருவாள். யாரும் அவளைப் போகச் சொன்னதில்லை. யாரும் வரச் சொன்னதுமில்லை.

இப்போது வந்தது அவள் மகளுடைய கல்யாணம். மாப்பிள்ளை கிருபாசங்கர் கோபிக்காரப் பையன், வர்ஷினியோடு வேலை செய்கிறவன். அடுத்த மாதம் அவினாசி ரோட்டு மண்டபத்தில் முகூர்த்தம். மேடையில் பெற்றோர் இடத்தில் நானும் வசந்தாமணியும் நிற்பது என்று ராசாத்தாள் எப்போதோ முடிவு செய்துவிட்டாள். அதைப் பற்றி வர்ஷினி அவளிடம் சண்டை போட்டுப் பார்த்திருக்கிறாள், அழுது பார்த்திருக்கிறாள், கல்யாணமே வேண்டாம் என்றும் சொல்லிப் பார்த்திருக்கிறாள். எல்லாவற்றுக்கும் ராசாத்தாளிடம் ஒரே பதில்தான். “நானு முன்னால வந்து நின்னு, நாளைக்கு உனக்கொன்னு ஆச்சுன்னா நான் எந்தக் கெணத்துல போயி உழுகட்டும்?” அவளைத் தடுத்தது ஊர் என்றால் ஊரை நான் பேசிச் சரிக்கட்டிவிடுவேன். பேசுவதுதான் என் தொழில். தடுத்தது அவளேதான். அதுதான் சங்கடம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தவள் புடலங்காயையும் தக்காளியையும் சமையலறையில் இறக்கிவிட்டு, நாங்கள் எதற்காகக் கூடி உட்கார்ந்திருக்கிறோம் என்று எட்டிப் பார்த்தாள். வர்ஷினி பலகையைத் திருப்பிக் காட்டினாள். ராசாத்தாள் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு, நெய்த துணியில் குறை தேடுவது போல அந்தத் தாயை மேலிருந்து கீழே பார்த்தாள். “ஏனுங்ணா, இத்தனை கைய வெச்சுக்கிட்டு இந்தச் சாமி என்ன பண்ணுது? சும்மா நிக்குது. எங்க குடோன்ல ரெண்டு கைய வெச்சுக்கிட்டு ஒருத்தி நாலு தறி ஓட்டறா.” என் தாய் அந்த இடத்திலேயே பதினைந்து கைகளை இழந்தாள்.

அப்புறம் அவளை நிறுத்த முடியவில்லை. காபி ஆறிப்போனது. உலகத்தை நான் தண்ணீரிலிருந்து பிறக்க வைத்திருந்தேன். பம்ப்செட்காரனுக்கு வேறு எது தோன்றும்? அவள் அதை ஒதுக்கிவிட்டு, உலகம் ஒரு துணி என்றாள். நீளவாக்கில் இழுத்துக் கட்டிய பாவு நூல் பெண். குறுக்கே போகிற ஊடை நூல் ஆண். பாவு நின்ற இடத்தில் நிற்கும், ஊடைதான் இங்கேயும் அங்கேயும் ஓடிக்கொண்டிருக்கும், அது ஓரிடத்தில் நின்று இதுவரை யாரும் பார்த்ததில்லை. மீரான் என்னைப் பார்த்தார். நாங்கள் இருவரும் ஓடாமல் உட்கார்ந்துகொண்டிருந்தோம். சொர்க்கம் உண்டா என்று அவர்தான் கேட்டார். எந்த மதத்திலும் வாடிக்கைக்காரர் முதலில் கேட்பது அதைத்தான் என்றார். ராசாத்தாள் யோசித்து, நெய்து முடித்த துணியை மடித்து அடுக்கி வைக்கிற அறை ஒன்று இருக்கும், அங்கே சத்தமே இருக்காது என்றாள். இருபது வருஷத்துக்கு மேல் தறிச் சத்தத்தில் நின்றவள் சொன்ன சொர்க்கம் அது. நான் எழுதியிருந்தால் அதில் ஏழு நதியும் ஒரு பொருட்காட்சியும் வைத்திருப்பேன்.

பூசாரி யார் என்ற கேள்வி கடைசியில்தான் வந்தது. பேரன் பேத்தி அதிகம் எடுத்த பெண்தான் பூசாரியாக இருக்க வேண்டும் என்றேன் நான். ராசாத்தாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. குட்டி போட்ட கணக்குப் பார்த்தால் எங்கள் பக்கத்து வீட்டு வெள்ளாட்டைத்தான் முதலில் பூசாரியாக்க வேண்டும் என்றாள். சிரித்து முடித்துப் புடலங்காயை எடுத்துச் சீவிக்கொண்டே, கதை சொல்லும் குரலில் தொடர்ந்தாள். “தறியில இழை அந்து போச்சுன்னா யாரக் கூப்புடறோம்? இதுவரைக்கும் இழையே அறாதவளையா? அந்து அந்து முடிச்சுப் போட்டவளத்தான் கூப்புடறோம். அங்கயும் அப்பிடியே வெய்யி கண்ணு. எவ ஊட்ல இழை அந்து, அவ நின்னு முடிஞ்சு, மறுக்கா ஓட்டிக் காட்டுனாளோ, அவதான் பூசாரி. கலியாணத்துல மாப்பிள்ளை ரெண்டு முடிச்சுப் போடட்டும். மூணாவது முடிச்சு அவ கைதான் போடோணும். இழை அந்தது எப்பிடியிருக்கும்னு தெரியாதவ போடறது ஒரு முடிச்சா?”

அன்றும் அவரைக்காய் கிள்ளிக்கொண்டிருந்த வசந்தாமணி கையை நிறுத்திவிட்டாள். மீரான் மேலே சுற்றிய மின்விசிறியைப் பார்த்தார். நான் வாயைத் திறக்கவில்லை. என்னைத் தெரிந்தவர்களுக்கு இது எத்தனை பெரிய சம்பவம் என்று புரியும். வர்ஷினி தலையை நிமிர்த்தாமல் வரைந்துகொண்டே இருந்தாள். ராசாத்தாள் மட்டும் ஒன்றும் தெரியாமல் புடலங்காயைச் சீவிக்கொண்டிருந்தாள். அந்தப் பூசாரிக்கு என்ன பெயர் வைப்பது என்று மகள் கேட்டபோது, பெயர் என்ன பெயர், முடிச்சுக்காரி என்று வைத்துவிடு என்றாள்.

வெள்ளிக்கிழமை அந்த அத்தியாயம் வெளியானது. வானக் கப்பலின் மேல்தளத்தில் ஒரு கல்யாணம். மேகத்துக்கு நடுவே பந்தல். கூட்டம் விலகி வழிவிட, முடிச்சுக்காரி நடந்து வருகிறாள். அகன்ற நெற்றி, கொஞ்சம் தூக்கலான முன்பல், சேலைத் தலைப்பை இடுப்பில் இறுகச் செருகிய அந்த ஒரு தினுசு. ராசாத்தாள் அடுத்த ஞாயிறு வந்து அதைப் போனில் பெரிதாக்கிப் பார்த்தாள். மறுபடி சின்னதாக்கினாள். மறுபடி பெரிதாக்கினாள். பிறகு போனை மகளிடம் நீட்டி, “கதை வேற கண்ணு, மண்டபம் வேற” என்றாள். சாப்பிடாமலேயே பஸ் ஏறப் போய்விட்டாள். வர்ஷினி மாடிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அன்றைக்குத்தான் என் மூளை பழைய கதிக்கு ஓட ஆரம்பித்தது. எங்கள் பக்கத்துக் கல்யாணங்களை நடத்திவைப்பவர் அருமைக்காரர். எந்தச் சீர் முன்னே, எந்தச் சீர் பின்னே, யார் எங்கே நிற்பது என்பதெல்லாம் அவர் வாயில்தான் இருக்கும். எங்கள் அருமைக்காரர் பொங்கியண்ணன், கணியூருக்கு மேற்கே தோட்டத்தில் இருக்கிறார். வெண்ணெயாய் வெளுத்த வேட்டி, வெண்ணெயாய் வெளுத்த மீசை. சாங்கிய விஷயத்தில் தனக்குத் தெரியாதது ஒன்று உண்டு என்று அவர் இந்த ஆயுளில் ஒப்புக்கொண்டதில்லை. நான் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு போனேன். வழியெல்லாம் பொய்யைத் தயார் செய்துகொண்டு போனேன். செப்பேடு ஒன்று, கிணறு வெட்டும்போது கிடைத்த கல்வெட்டு ஒன்று, திப்பு சுல்தான் படை வந்த சமயத்தில் நடந்த கல்யாணம் ஒன்று. கயிற்றுக்கட்டிலில் உட்கார்ந்து, “அந்தக் காலத்துல நம்ம பக்கம் முடிச்சுக்காரின்னு ஒரு சாங்கியம்…” என்று ஆரம்பித்தேன். அவ்வளவுதான், என் சரக்கு ஒன்றையும் வெளியே எடுக்கவே வேண்டியிருக்கவில்லை.

“இருந்துச்சுங்க” என்றார் அருமைக்காரர், கண்ணை மூடிக்கொண்டு. “எங்கப்பாரு நடத்தி நாம் பாத்திருக்கறனுங்க. மூணாவது முடிச்சுதானுங்களே? இப்பத்து சனங்களுக்கு ஒன்னும் தெரியறதில்லீங்க.” அதோடு விடவில்லை. முடிச்சுக்காரி கிழக்கே பார்த்து நிற்க வேண்டும், மேளம் அந்த நேரத்தில் அடங்க வேண்டும் என்று இரண்டு திருத்தமும் சொன்னார். நான் அரை ஹெச்.பி. பொய்தான் கொண்டுபோனேன். அதைப் பத்து ஹெச்.பி.யாக ஓட்டி அனுப்பியவர் அவர்.

எங்கள் கொங்குச் சீமையில் ஒரு குணம் உண்டு. யாராவது ஒரு வழக்கத்தைச் சொன்னால், “அப்படியா, எனக்குத் தெரியாதே” என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அது எதிரில் நிற்பவருக்கும் மரியாதை இல்லை, தனக்கும் இல்லை. “எங்க பக்கமும் உண்டுங்க” என்பார்கள். கொஞ்சம் கூட்டியும் சொல்வார்கள். அருமைக்காரர் மாப்பிள்ளை வீட்டாருக்குப் போன் செய்து, இந்த இந்த மாதிரிச் சாங்கியம் உண்டு, தயாராக இருங்கள் என்றிருக்கிறார். கோபிக்காரர்கள் சளைப்பார்களா? மறுநாள் காலை கிருபாசங்கரின் அம்மா என்னைக் கூப்பிட்டு மிகுந்த அக்கறையோடு விசாரித்தார். “எங்க பக்கம் முடிச்சுக்காரிக்குப் பச்சைச் சேலை எடுத்துத் தர்றதுங்க. உங்க பக்கம் என்ன கலருங்க?” பச்சையே எடுக்கலாம் என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். சிரிப்பை அடக்கி அடக்கி எனக்குப் புரையேறியது. வசந்தாமணி முதுகில் தட்டினாள். தட்டியவளும் சிரித்தாள். பெருமாநல்லூரில் முடிச்சுக்காரிக்குக் காலில் மஞ்சள் நீர் விடுவார்களாம். அன்னூரில் அவள் முடிச்சுப் போடும் வரை சம்பந்திகள் தண்ணீர் குடிக்க மாட்டார்களாம். முத்தூர்ப் பக்கம் அவளை யானையில் அழைத்து வருவார்களாம். இந்த யானையை நான் சொல்லவில்லை, சத்தியம்.

சுற்றிச் சுற்றி அது கருமத்தம்பட்டிக்கே வந்து சேர்ந்தது. ராசாத்தாளின் குடோனில் வேலை செய்யும் மாரியாத்தாள், டீக்கடையில் கேட்டுக்கொண்டு வந்து அவளிடமே சொல்லியிருக்கிறாள்: ‘முடிச்சுக்காரி மூணாவது முடிச்சுப் போடாத கலியாணம் வெளங்காதாமுங்க.’ அன்றைக்குச் செவ்வாய்க்கிழமை. தறி ஓடும் நாளில் ராசாத்தாள் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றதை நான் முதல் தடவையாக அன்றுதான் பார்த்தேன். தலைமயிரெல்லாம் பஞ்சு. நேராக என்னிடம் வந்தாள். நான் என்னை அறியாமல் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

“பொடலங்கா சீவறப்ப வாயில வந்தத சொன்னனுங்ணா. அதப் போயி ஊரெல்லாம் பழமைன்னு வித்துப்போட்டு வந்துருக்கறீங்க.”

நான் ஒன்றுதான் விற்றேன், மிச்சமெல்லாம் அவரவர் சொந்த உற்பத்தி என்று விளக்கப் பார்த்தேன். அவள் காதில் வாங்கவில்லை. கோபம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி, அதற்கு அடியில் இருந்த பயம் வெளியே வந்தது. சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்து, தான் முன்னால் போய் நின்று பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்ன செய்வது என்று வசந்தாமணியிடம் கேட்டாள். போகாமல் இருந்து ஏதாவது ஆகிவிட்டால் என்ன செய்வது என்றும் அதே மூச்சில் கேட்டாள். மாரியாத்தாள் சொன்னது உள்ளே போய் உட்கார்ந்துவிட்டது. அந்தச் சாங்கியத்தை உண்டாக்கியதே தான் என்று எங்கள் எல்லாரையும் விட நிச்சயமாகத் தெரிந்தவள் அவள்தான். அவளும் அதற்குப் பயந்துகொண்டிருந்தாள்.

வசந்தாமணி அவள் தலையிலிருந்து பஞ்சை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டே சொன்னாள். “பின்னால உக்காரோணும்னு சொன்னது ஆருன்னு உனக்குத் தெரியாது. முன்னால நிக்கோணும்னு சொன்னது ஆருன்னு தெரியும். தெரியாத ஒருத்தி சொன்னத இத்தனை நாளு கேட்டியே அம்மணி.”

ராசாத்தாள் காபியை முழுக்கக் குடித்தாள். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தாள். நூல் லாரி வந்திருக்கும் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள். வருவாளா மாட்டாளா என்று எங்கள் யாருக்கும் தெரியவில்லை. நான் வருவாள் என்று பந்தயம் கட்டலாம் என்றேன். மீரான் கட்ட வரவில்லை. வர்ஷினி அந்த வெள்ளிக்கிழமை கதை எதுவும் போடவில்லை.

முகூர்த்த நாளன்று மண்டபத்தில் கொங்குச் சீமையே வந்து இறங்கிவிட்டது. அவினாசி ரோட்டில் எங்கள் வண்டிகள் நின்ற வரிசை விமான நிலையத்தைத் தாண்டியது என்று நான் சொன்னால் நம்பத்தான் வேண்டும். ராசாத்தாள் விடியும் முன்பே வந்துவிட்டாள், பின்கதவு வழியாக. நான் போய்ப் பார்த்தபோது பந்தி மண்டபத்தில் சமையல்காரரோடு உப்பு விஷயமாக வாதாடிக்கொண்டிருந்தாள். வழக்கமான காட்டன் சேலை, தலைப்பு இடுப்பில். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். “போங்ணா, மேடையில ஆளில்லாம இருக்குது” என்று அனுப்பிவிட்டாள்.

மேளம் கொட்ட, கிருபாசங்கர் மஞ்சள் சரட்டை வர்ஷினியின் கழுத்தில் வைத்தான். ஒரு முடிச்சு. இரண்டாவது முடிச்சு. பொங்கியண்ணன் கையை உயர்த்தினார். மேளம் அடங்கியது. அத்தனை பெரிய மண்டபத்தில் குழந்தைகள் அழும் சத்தமும் ஏ.சி.யின் உறுமலும்தான். அருமைக்காரர் மைக்கை வாங்கி, காலங்காலமாய்ச் சொல்லிப் பழகிய குரலில், “முடிச்சுக்காரி அம்மணி வாங்க” என்றார்.

யாரும் வரவில்லை. கூட்டம் ஒரு பக்கமாகத் திரும்பிப் பார்த்தது, பிறகு மறு பக்கமாக. கிருபாசங்கர் சரட்டின் இரண்டு முனைகளையும் விரலில் பிடித்தபடி நின்றான். அவன் அக்கா உதவிக்கு அரை அடி முன்னால் வந்து, அருமைக்காரர் முகத்தைப் பார்த்து நின்றுவிட்டாள். வர்ஷினி திரும்பிப் பார்க்கவில்லை. குனிந்த தலையை நிமிர்த்தாமல் உட்கார்ந்திருந்தாள். அவள் பின்கழுத்தில் ஒரு வியர்வைத் துளி இறங்குவதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். பம்ப்செட் விற்ற காலத்தில், சுவிட்சைப் போட்ட பிறகு குழாய் வாயில் தண்ணீர் வரும்வரை ஒரு நேரம் உண்டு. விவசாயி குழாயைப் பார்ப்பான், நான் விவசாயியைப் பார்ப்பேன். அந்த நேரத்தில் மட்டும் நான் எந்தக் கதையும் சொன்னதில்லை. அன்றும் என்னிடம் ஒன்றும் இல்லை.

பந்தி மண்டபத்துக் கதவு திறந்தது. ராசாத்தாள் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டே வந்தாள். மெதுவாக எல்லாம் வரவில்லை. குடோனில் இழை அறுந்த தறியைப் பார்த்துப் போகிற அதே வேகம். நாற்காலிகளில் இருந்தவர்கள் காலை மடக்கிக்கொண்டார்கள். மேடைப் படியில் ஒரு கணம் நின்றாள். நான் கையை நீட்டினேன். அவள் அதைப் பிடிக்கவில்லை, புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஏறிவிட்டாள். கிழக்கு எந்தப் பக்கம் என்று அருமைக்காரரைக் கேட்டாள். அவர் காட்டினார். மாப்பிள்ளையின் விரல்களிலிருந்து முனைகளை வாங்கினாள். இரண்டு விரலும் ஒரு கட்டை விரலும், ஒரு சுழற்று, ஒரு இழுப்பு. முடிந்தது. மேளம் வெடித்தது. அரிசி பறந்தது. வர்ஷினி அப்போதுதான் தலையை நிமிர்த்தி அம்மாவைப் பார்த்தாள். இரண்டு பேருக்கும் ஒரே மாதிரித் தூக்கலான முன்பல். அது அத்தனையும் வெளியே தெரிந்தது.

போட்டோக்காரர் பதறிப்போய் ஓடிவந்து, விரல் போன வேகத்தில் படம் விழவில்லை, இன்னொரு முறை போட்டுக் காட்டுங்கம்மா என்றார்.

“ஒருக்காத்தான் கண்ணு” என்றாள் ராசாத்தாள். “அவுக்க வராது.”

கிருபாசங்கரின் அம்மா பச்சைச் சேலையை அவள் தோளில் போட்டார். போட்டுவிட்டு, இந்தச் சாங்கியத்தைக் கண்ணால் பார்த்து எத்தனை நாளாயிற்று என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். பின்வரிசைகளில் உட்கார்ந்திருந்த சில பெண்கள் எழுந்து நின்று பார்த்தார்கள். அவர்களில் சிலர் நடைபாதை வரை வந்துவிட்டார்கள். மீரான் என் பக்கத்தில் வந்து காதோடு, இனி இந்தச் சேலைக்கு ஜாக்கெட் தைப்பது யார், ரிஃபத்திடம் சொல்லவா என்றார். நான் பதில் சொல்லவில்லை. என் வாழ்க்கையில் அது இரண்டாவது முறை.

முதல் பந்தியில் அருமைக்காரருக்கும் அவரோடு வந்த பெரியவர்களுக்கும் தனி வரிசை. எல்லாம் வெள்ளை வேட்டி, வெள்ளைத் துண்டு. நான் பரிமாறுகிறவர்களை விரட்டிக்கொண்டு மண்டபத்தின் மறுகோடியில் நின்றேன். பொங்கியண்ணன் தன் பக்கத்து இலையைக் கையால் காட்டி, ராசாத்தாளை உட்காரச் சொன்னார். ராசாத்தாள் ஒரு தரம் சமையலறைப் பக்கம் பார்த்தாள், பிறகு உட்கார்ந்தாள். இலையில் தண்ணீர் தெளித்தாள். இடியாப்பம் மாதிரிப் பிழிந்த சந்தகை வந்தது, தேங்காய்ப்பால் வந்தது. அருமைக்காரர் சாப்பிடாமல் அவள் பக்கம் சாய்ந்து ஏதோ கேட்டார். இரைச்சலில் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. அவள் ஒரு வாய் மென்று விழுங்கி, சற்று யோசித்து, தேங்காய்ப்பால் சொட்டும் கையை உயர்த்திப் பேச ஆரம்பித்தாள். அவர் தலையாட்டினார். அவருக்கு அடுத்தவர் காதில் கையை வைத்துக் குனிந்தார். அதற்கும் அடுத்தவர் குனிந்தார். அந்த வரிசை முழுக்க, வெள்ளைத் துண்டுகள் இலைகளுக்கு மேல் சரிந்து தொங்க, ஒவ்வொரு தலையாக அவள் பக்கம் சாய்ந்துகொண்டே போயிற்று.